பெல் அடித்தும் நடப்பவர்கள் விலகவில்லை என்றால் சைக்கிள்காரர் என்ன செய்வது?

"நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான பாதையில் தினமும் போகிறேன். எத்தனை தடவை பெல் அடித்தாலும் நகர மாட்டேன் என்கிறார்கள். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியின் தொனியை வைத்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நல்ல சைக்கிளாக வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்காது. போனில் வேகம் காட்டும் ஆப் ஒன்று இருக்கும். கூட்டம் சேர்வதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம் என்று விடியலில் கிளம்புவீர்கள். ஊரில் எல்லோரும் அதே யோசனையோடு அதே நேரத்துக்குக் கிளம்பி வந்திருப்பார்கள். எப்படித் தெரியும் என்றால், போன வருடம் இந்தக் கேள்வியை நானே கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் காரமாக.

நேரடிப் பதில் இதுதான்: வேகத்தைக் குறையுங்கள், விலகவில்லையா, விலகும்வரை பின்னாலேயே போங்கள். இதற்கு மேல் எழுதப்போவதெல்லாம் என் மணிக்கட்டின் கதை. வேண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் போகும் பாதை தண்ணீர்க் கரையை ஒட்டி நாலு கிலோமீட்டர் போகும். அகலம் மூன்று மீட்டர் இருக்கலாம். நடுவில் கோடு கிடையாது. அன்றைக்கு ஆப்பில் என் பழைய நேரத்தைவிட 11 வினாடி முந்தியிருந்தேன் (இந்த எண் இன்னும் ஞாபகம் இருப்பதே வெட்கக்கேடு). மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம். முன்னால் வயதான கணவன் மனைவி இருவர், எனக்கு முதுகைக் காட்டியபடி, பாதையின் நட்டநடுவில் ஜோடியாக நடந்துகொண்டிருந்தார்கள். பத்து மீட்டர் இருக்கும்போது பெல் அடித்தேன். ஒரு தடவை அடித்திருந்தால் போதும், மூன்று தடவை அடித்தேன்.

அவர் இடது பக்கம் ஒதுங்கினார். அந்த அம்மா வலது பக்கம் ஒதுங்கினார். நடுவில் அழகாக வழி திறந்தது. ஆகா என்று இன்னும் ஒரு மிதி மிதித்தேன். அப்போதுதான் பெரியவர் திரும்பி, மனைவி தன் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்தார். அவரைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். அந்த முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது வரை எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பின் சக்கரம் எழும்பியது. ஹேண்டில்பாருக்கு மேலே முதலில் நான் போனேன், பின்னாலேயே சைக்கிளும் வந்தது. அவர்மேல் மோதவில்லை. சட்டையை மட்டும் உரசியதாக அந்த அம்மா சொன்னார்.

மணி அடித்தவனுக்கு மணிக்கட்டில் விரிசல். வீட்டில் இந்த ஒரே ஜோக்கை ஆறு வாரம் ஓட்டினார்கள்.

விழுந்த வேகத்தில் பெல்லின் மேல்மூடி கழன்று உருண்டு போய்ப் பெரியவரின் செருப்பில் முட்டி நின்றது. குனிந்து எடுத்து, சட்டை ஓரத்தில் மண்ணைத் துடைத்து, என்னிடம் நீட்டினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "பெல் கேட்டுச்சு தம்பி. எந்தப் பக்கம்னுதான் தெரியலை" என்றார்.

கட்டுப் போட்ட கையோடு அந்த வாக்கியத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நேர் பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேருகிறது. இடமா வலமா என்று மூளை கண்டுபிடிப்பதே இரண்டு காதுக்கும் நடுவில் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். அந்த வித்தியாசமே இல்லாதபோது பாவம் அது என்ன செய்யும்? எந்தப் பக்கம் கடக்கப்போகிறேன் என்கிற தகவலும் பெல்லில் கிடையாது. அதோடு, வயதானவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சென்ற உச்ச ஒலிகள்தான். சைக்கிள் பெல்லின் கணீர் அந்த ரகம். 'காதில் விழாத மாதிரி நடிக்கிறார்' என்று நான் மனசுக்குள் வைது கடந்துபோன எத்தனை பேருக்கு நிஜமாகவே விழவில்லையோ.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 22 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவர்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கழித்தாலும், நான் கொடுத்த அவகாசம் இரண்டே வினாடி. அதற்குள் சத்தத்தைக் கேட்டு, அது தனக்குத்தான் என்று புரிந்து, பக்கம் முடிவு செய்து, கால் எடுத்து வைக்க வேண்டும். எனக்கோ சுதாரிக்க ஒரு வினாடி, அப்புறம் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் என்று கூட்டினால் அந்தப் பத்து மீட்டரும் தீர்ந்துவிடும். வேகம் பாதியாக, 11 ஆக இருந்திருந்தால் நாலு மீட்டரில் நின்றிருப்பேன். மோதினாலும் அடியின் ஆற்றல் கால்வாசிதான். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நேரம் வீணாகிறது என்பீர்கள். ஒரு கூட்டத்தைக் கடக்க 30 மீட்டருக்கு மட்டும் 22-இலிருந்து 10-க்கு இறங்கினால் போவது ஆறு வினாடி. இருபது கூட்டம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டே நிமிடம்.

ஆறு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்றதால் அதே பாதையில் நடந்தேன். அது வேறு பாதை. ஓட்டும்போது மெதுவாகப் போவதாக நினைத்த வேகம் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி இருக்கிறது. சிலர் பெல்லே அடிக்க மாட்டார்கள். மிதிக்காமல் உருளும் பின் சக்கரத்தின் டிக்டிக் கேட்பதற்குள் முழங்கையில் காற்று பட்டு, ஆள் தாண்டியிருப்பார். இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். வழியில் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தால்கூட ஒதுங்காமல் நேராக மிதித்துக்கொண்டு போகிறேன். ஒதுங்கினால் யாராவது மோதுவார்களோ என்ற பயம். உடம்புக்கு நல்லது என்று நடக்க வருகிறவன் ஈர ஷூவோடு வீடு திரும்பினேன்.

உடனே கீழே கருத்துப் பெட்டியில் கிளம்பி வருவீர்கள், தெரியும். நடப்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நாலு பேர் கைகோத்து அடைத்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டு காதிலும் ஹெட்போன் இருக்கும். நாய் ஒரு ஓரம், அதன் எஜமானர் மறு ஓரம், குறுக்கே கயிறு சோதனைச்சாவடி மாதிரி நிற்கும். எல்லாம் உண்மை. ஆனால் மோதினால் எலும்பு முறியும் வேகத்தில் வருவது நாம். அவர்கள் மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போவதில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்கேயாவது சொல்லியாக வேண்டும். விடுப்புக்கு அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். காயத்தின் காரணம் என்ற இடத்தில் 'பயணம்', 'விளையாட்டு' என்று இரண்டு கட்டம். நான் பயணத்தில் டிக் போட்டேன். கூப்பிட்டு, "சைக்கிள்தானே சார்? விளையாட்டுல போடுங்க" என்றார்கள். அந்த வாரம் முழுக்க அதே பாதையில் அதே சைக்கிளில்தான் வேலைக்கும் வந்துகொண்டிருந்தேன் என்றேன். "அன்னைக்கு வேலைக்கா வந்தீங்க?" காரில் காற்று வாங்கப் போய் இடித்துக்கொண்டு வந்தவரிடம் இப்படிக் கேட்பார்களா? நாலு சக்கரம் என்றால் பயணம், இரண்டு சக்கரத்தை மிதித்தால் விளையாட்டு. இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, விடுங்கள்.

'பாதையைப் பிரிக்காதது யார் தப்பு?' என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் மேலே உள்ள நடைமேடையை ஒரு கோடு போட்டு இரு தரப்புக்கும் பங்கு வைத்திருந்தார்கள். 2021 செப்டம்பரில் கீழே கார் ஓடிய தடங்களில் ஒன்றை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுத்த பிறகுதான் மேலே நிம்மதியாக நடக்க முடிந்தது. சிகாகோவின் ஏரிக்கரைப் பாதை சுமார் 29 கிலோமீட்டர். 2018-இல் அங்கே நடையையும் சைக்கிளையும் தனித்தனியாகப் பிரித்து முடித்தார்கள். இடமும் பணமும் மனசும் இருந்தால் நடக்கும். அதுவரை? பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதித் தொகுப்பில், பொதுப்பாதையில் நடப்பவரை நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்காதீர்கள், முக்கியமாகப் பின்னாலிருந்து கடக்காதீர்கள், அவருக்குக் காது கேட்காமலோ கண் தெரியாமலோ இருக்கலாம் என்று இருக்கிறது. பெல் அடிக்கவும் குரல் கொடுக்கவும் சொல்கிறார்கள். நடப்பவர் விலகியே ஆக வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை.

இப்போது நான் செய்வது: முதலில் வேகம் குறைப்பேன், அப்புறம்தான் பெல். முப்பது மீட்டர் இருக்கும்போதே ஒரே ஒரு தடவை. தலை திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பவில்லை என்றால் நடை வேகத்துக்கு வந்து "மெதுவா வர்றேங்க" என்று குரல் கொடுப்பேன். 'வலது பக்கம்' என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சரியாக வலது பக்கமே வந்து நின்றார்கள். குழந்தையோ நாயோ இருந்தால் ஒரு கால் தரையில் தயாராக இருக்கும். கடக்கும்போது ஒரு கை நீள இடைவெளி. ஆப்பை அழித்துவிட்டேன்.

அந்தப் பெரியவரையும் அம்மாவையும் இன்றும் பார்க்கிறேன். பெல் மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டேன், ஆனால் ஒரு பக்கம் நசுங்கியிருப்பதால் கணீர் போய் 'டொக்' என்றுதான் சத்தம் வருகிறது. புதுசு மாற்றலாம் என்றிருந்தேன். முன்னதைவிட இதுதான் தனக்கு நன்றாகக் கேட்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பெரியவர்.

பின்குறிப்பு: ஹெல்மெட் போட்டிருந்தேன். தயவுசெய்து கேட்காதீர்கள்.