பருவத்துக்கு ஒரு நிறம்: வண்ணக்கல் நகையில் எவ்வளவு பணம் போடலாம்?

கேள்வி: ஒவ்வொரு பருவத்திலும் உடைகளின் நிறம் மாறுகிறது. அதற்குப் பொருத்தமாக வண்ணக்கல் நகைகள் வாங்க ஆசை. போனஸ் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது போதாது, மீதியைத் தவணையில் கட்டி மரகத நெக்லஸ் வாங்கிக்கொள்ளலாம், பின்னாளில் முதலீடாகவும் இருக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: தவணையில் வேண்டாம். முதலீடு என்ற கணக்கிலும் சேர்க்க வேண்டாம். தவணைக்குப் போகும் தொகையை மாதாமாதம் உங்கள் கணக்கிலேயே போட்டு வாருங்கள். பணம் சேர்ந்த பிறகும் அந்த நெக்லஸ் மீது ஆசை இருந்தால் முழுத்தொகை கொடுத்து வாங்குங்கள். வட்டி மிச்சம், யோசிக்க நேரமும் கிடைக்கும்.

தங்கத்துக்கு அன்றாடம் சந்தை விலை உண்டு. வண்ணக்கல்லுக்கு அப்படி ஒன்று கிடையாது. நிறம், தெளிவு, வெட்டு, என்ன மெருகேற்றம் (நிறத்தையும் தெளிவையும் கூட்டச் செய்யும் வேலை) செய்திருக்கிறது என்று ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். திருப்பி விற்கப் போனால் பெரும்பாலும் கல்லைக் கழித்துவிட்டு உலோகத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். ஆகவே கல்லுக்குக் கொடுப்பதை உடைக்குச் செய்யும் செலவைப் போலவே பாருங்கள்.

நிறங்களோ நிற்பதில்லை. நிறங்களைத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2013-க்கு மரகதப் பச்சையை ஆண்டின் நிறமாக அறிவித்தது. 2014-ல் ஆர்க்கிட் ஊதா, 2015-ல் மார்சாலா என்னும் பழுப்பு கலந்த சிவப்பு. மூன்று ஆண்டுகளும் விலை உயர்ந்த கல்லை வாங்கித் துரத்தியிருந்தால், பெட்டியில் மூன்று நகைகள் இருக்கும், கையில் காசு இருக்காது.

ஒதுக்கிய தொகையை இரண்டாகப் பிரியுங்கள். என் கணக்கில் பத்தில் ஏழு பங்கு, எந்தப் பருவத்திலும் போடக்கூடிய ஒரே ஒரு நகைக்கு. அடர்நீல நீலக்கல் இதற்கு மிகவும் ஏற்றது. வெள்ளை, சாம்பல், பழுப்பு, சிவப்பு எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். பத்து வரை போகும் கடினத்தன்மை அளவுகோலில் 9 என்பதால் தினசரி உழைப்பையும் தாங்கும். மீதி மூன்று பங்குதான் பருவ நிறங்களுக்கு. ஊதாவுக்கு அமெதிஸ்ட், மஞ்சளுக்கு சிட்ரின், இளம்பச்சைக்கு பெரிடாட், அடர்சிவப்புக்கு கார்னெட் போதும். ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கமும் இந்தப் பங்குக்கு நல்ல தேர்வு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய்ல் அதைத் தயாரிக்கும் தன் முறையை 1902-லேயே அறிவித்துவிட்டார். வேதியியல்படி ஆய்வகக் கல்லும் மாணிக்கமேதான், விலை மட்டும் பல மடங்கு குறைவு.

பருவ நிறத்தை மோதிரத்தில் தேடாதீர்கள். கல்லை மாற்ற ஒவ்வொரு முறையும் பிடிப்புக் கொக்கிகளை வளைத்து நிமிர்த்தினால் அவை தளர்ந்து ஒருநாள் முறிந்துவிடும். சாதாரண வளையக் காதணி ஒரு ஜோடி வாங்கி, மாட்டிக் கழற்றும் தொங்கல்களை மட்டும் மாற்றுங்கள். சங்கிலிக்கும் திறந்து மூடும் கொக்கி வைத்த பதக்கங்கள் உண்டு. கல்லை 7×5, 8×6 மில்லிமீட்டர் போன்ற வழக்கமான அளவுகளிலேயே எடுங்கள். ஒன்று உடைந்தாலும் தொலைந்தாலும் அதே அளவில் வேறு கல் எளிதில் கிடைக்கும். புதிதாகச் செய்யக் கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

காரட்டை, அதாவது கல்லின் எடையை, மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நீலக்கல்லின் அடர்த்தி சுமார் 4, மரகதத்துடையது சுமார் 2.7. அதனால் ஒரு காரட் மரகதம் ஒரு காரட் நீலக்கல்லைவிடப் பெரிதாகத் தெரியும். மில்லிமீட்டர் அளவையும் கேளுங்கள். முழு ஒரு காரட்டைத் தொடும் இடத்தில் காரட் விலையே ஏறுவது வழக்கம். 0.9 காரட் எடுத்தால் அணிந்திருக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பலர் பணத்தை இழப்பது எடைபோடும் இடத்தில்தான். ஒரு காரட் 0.2 கிராம். 30 கிராம் நெக்லஸில் 25 காரட் கல் இருந்தால் கல்லின் எடை 5 கிராம், தங்கம் 25 கிராம்தான். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால், அந்த 5 கிராம் கல்லுக்கும் தங்க விலை கொடுக்கிறீர்கள். கல் விலையைத் தனியாகவும் வசூலித்தால் ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம். சேதாரத்தையும் மொத்த எடையில் சதவீதமாகப் போட்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். கல்லின் அடியில் அரக்கு நிரப்பியிருந்தால் அதன் எடையையும் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மெருகேற்றம். நீலக்கல்லைச் சூடேற்றி நிறம் கூட்டுவது பரவலான வழக்கம், அந்த நிறம் நிலைத்து நிற்கும், பயமில்லை. மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். மீயொலி (அல்ட்ராசோனிக்) இயந்திரத்தில் போட்டுக் கழுவினால் எண்ணெய் வெளியேறி விரிசல்கள் பளிச்சென்று தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் தனி வகை: எலுமிச்சைச் சாறு கூட அந்தக் கண்ணாடியை அரிக்கும், மோதிர அளவை மாற்ற நெருப்புக் காட்டினால் கெட்டுவிடும். மலிவாகக் கிடைத்தால் மட்டுமே அதை எடுக்கலாம், இயற்கை மாணிக்க விலைக்கு ஒருபோதும் கூடாது. அமெதிஸ்டை நெடுநேரம் வெயில் படும்படி வைத்தால் நிறம் மங்கும். முத்தும் ஓபலும் மென்மையானவை, காதிலும் கழுத்திலும் போடலாம், விரலில் வேண்டாம்.

கல்லின் அடிப்பக்கம் மூடியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. உள்ளே நிறத்தாள் வைத்து வெளிறிய கல்லை அடர்த்தியாகக் காட்ட முடியும். பின்பக்கம் திறந்திருக்கும்படி கல் பதித்த நகையைக் கேளுங்கள். கடை விளக்கில் மட்டும் பார்க்காமல் பகல் வெளிச்சத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பெரிய நகைக்குச் சுயேச்சையான ஆய்வகச் சான்றிதழ் கட்டாயம். கடையே அச்சடித்துத் தரும் அட்டை அதற்கு ஈடாகாது. சிறு தொங்கல்களுக்குச் சான்றிதழ் செலவே கல்லின் விலையைத் தாண்டிவிடும், அங்கே பில் போதும். அந்தப் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை, கல்லின் பெயர், இயற்கையா ஆய்வகமா, என்ன மெருகேற்றம், திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம் தருவார்கள் என்ற ஏழும் இருக்க வேண்டும். கடைசியைச் சொல்லத்தான் பல கடைகள் தயங்கும். வாயால் சொல்வதை எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.