கூட்டறிக்கையில் இல்லாத நட்பு

அன்புள்ள ஐயா,
இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தாலே ‘நெருங்கிய நட்பு நாடுகள்’ என்று கூட்டறிக்கை வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டா, வெறும் மரியாதைப் பேச்சா?
- ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பொருள் உண்டு. ஆனால் அதைக் கூட்டறிக்கையில் தேடாதீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, அதில் யார் யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

பூடானையே எடுத்துக்கொள்வோம். 1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவுப்படி, பூடானின் உள்விவகாரத்தில் இந்தியா தலையிடாது; வெளியுறவில் பூடான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கும். ஆயுதம் இறக்குமதி செய்யவும் இந்தியாவின் ஒப்புதல் வேண்டும். 2007 பிப்ரவரியில் இது மாறியது. ‘ஆலோசனைப்படி நடப்பது’ போய், தேசநலன் சார்ந்தவற்றில் ‘நெருங்கி ஒத்துழைப்பது’ வந்தது. தன் மண்ணை மற்றவரின் பாதுகாப்புக்குக் கேடாகப் பயன்படுத்த விடக்கூடாது என்ற கடமை இருவருக்கும் பொதுவாயிற்று. இந்த ஒரு வாக்கியம் மாற 58 ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து, கடன் நிபந்தனைகள். 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்துக்கு இந்தியா தந்த பணத்தில் 60 சதவீதம் மானியம், 40 கடன். பின்னால் வந்த 720 மெகாவாட் மாங்தேச்சுவில் மானியம் 30, கடன் 70. உபரி மின்சாரத்தை வாங்குவதும் இந்தியாதான். கடன் கொடுப்பவரும் சரக்கு வாங்குபவரும் ஒருவரே என்றால், மின்கட்டணப் பேச்சுவார்த்தையில் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூடானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமாகக் கட்டப்பட்டிருப்பதால் மாற்று விகிதக் கவலை இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து இறக்குமதி பெருகியபோது கையில் இந்திய ரூபாயே இல்லாமல் 2012இல் திண்டாடினார்கள்.

2013 ஜூலையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய்க்கான இந்திய மானியம் மாதத் தொடக்கத்தில் நின்றது. சிலிண்டர் விலை இரு மடங்கைத் தாண்டியது. 13ஆம் தேதி அங்கே பொதுத்தேர்தல். பூடானின் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்ததால் நேர்ந்தது என்பது டெல்லியின் விளக்கம். முந்தைய ஆண்டு பூடான் பிரதமர் பிரேசிலின் ரியோ நகரில் சீனப் பிரதமரைச் சந்தித்ததற்கான தண்டனை என்று பூடானில் பலர் எண்ணினார்கள். எது காரணமானாலும், நட்பின் பாரம் சின்ன நாட்டின் அடுப்படியில்தான் முதலில் இறங்கியது. தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. ஆகஸ்டில் மானியம் திரும்பி வந்தது.