டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் பீடி நின்றுவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். தினம் இரண்டு கட்டு பீடி. இருமலுக்குப் போனபோது டாக்டர், "பீடியை விட்டுடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் என்ன பயன்?
– வாசகி, மேலூர்

பதில்: பயன் உண்டும்மா. டாக்டர் மூன்று நிமிடம் பேசினாலே, தானாக விடுபவர்களைவிட நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூவர் வரை கூடுதலாக விடுகிறார்கள். பார்க்கிற ஒவ்வொருவரிடமும் பேசினால் அது எத்தனை குடும்பம்! ஆனால் "விட்டுடுங்க" என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் தேதியில் விடப்போகிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்ல வேண்டும். மறுபடி அழைத்துப்போய் நீங்களே இதைக் கேளுங்கள்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைக்கிறாரா என்று கவனித்துச் சொல்லுங்கள். அப்படியானால் உடம்பு நிகோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது; வைராக்கியம் மட்டும் போதாது. நிகோட்டின் சூயிங்கம் எந்த அளவில் வேண்டும், மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். சூயிங்கத்தை மிட்டாய்போல மென்று விழுங்கக் கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு முன் கால் மணி நேரம் டீ, காபி ஆகாது. மார்க்கெட்டில் டீயும் பீடியும் ஜோடியாகத்தான் வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"பீடி இழுத்தாத்தான் டாக்டர் வயிறு போகும்" என்று என்னிடம் சொல்லாத ஆண்கள் குறைவு. விட்ட சில நாள் மலச்சிக்கல் வருவது உண்மைதான். காலையில் வெந்நீர், கொய்யா, கீரை என்று கொடுங்கள், சரியாகும். முதல் மூன்று நாள் எரிந்து விழுவார். அது நிகோட்டின் இறங்குவதால் வரும் கோபம். உங்கள் மேல் அல்ல. இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். நடுவில் ஒரு பீடி இழுத்துவிட்டால் திட்டாதீர்கள். புதுத் தேதி ஒன்றைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.