என் ஹாக்கி அணி புள்ளிப் பட்டியலில் மேலே இருக்கிறது. உண்மையிலேயே நன்றாக ஆடுகிறதா, இல்லை அதிர்ஷ்டமா என்று புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். நிறையவே சொல்ல முடியும். ஆனால் கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது.

கேள்வியைப் படித்ததுமே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. அணி ஜெயிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எப்போது பார்த்தாலும் நம் வலைப் பக்கமே சுற்றுகிறது. வலையைக் காக்கும் கோலி ஒருவர்தான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார். இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால், "ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்கிறார். சரிதானே?

நான் டொராண்டோ மேப்பிள் லீவ்ஸ் ரசிகன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை வரவில்லை என்பது எனக்கும் தெரியும். நான் பேசப்போவது ஐஸ் ஹாக்கி, அதிலும் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல். ஸ்டான்லி கோப்பை அதன் சாம்பியனுக்குக் கிடைப்பது. புல்தரை ஹாக்கிக்காகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும், பெனால்டி கார்னரெல்லாம் இருக்கும் அந்தக் கணக்கு வேறு.

2013 மே 13 அன்று பாஸ்டனில் ஏழாவது ஆட்டம். சீசன் முடிந்ததும் மேலே இருக்கும் அணிகள் மோதும் பிளேஆஃபுக்கு 2004க்குப் பிறகு முதல்முறையாக வந்திருந்தோம். மூன்றாவது, அதாவது கடைசி, பீரியடில் 4-1 என்று முன்னிலை. கூடுதல் நேரமான ஓவர்டைமில் 5-4 என்று தோற்றோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அதற்கு முன்பு நடந்த சீசன் லாக்அவுட்டால், அதாவது உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறால், 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருந்தது: ஷாட் கணக்கில், அதாவது எதிரணி வலையை நோக்கி எத்தனை முறை அடித்தோம் என்பதில், லீவ்ஸ் லீக்கின் அடிமட்டத்தில் இருந்தது. அடித்த கொஞ்சநஞ்ச ஷாட்டும் வழக்கத்தை மீறி கோலாகிக்கொண்டிருந்ததால் வண்டி ஓடியது.

அடுத்த சீசன், 2013-14, இன்னும் ஜோராக ஆரம்பித்தது. முதல் ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி. எங்கள் வீட்டில் திருவிழாதான். அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், எனக்கு முன்பே இந்த அணியைப் பிடித்துக்கொண்டவர். ஆஃப்சைடு, ஐசிங் என்ற விதியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். குளிர்கால இரவு ஒன்றில் ஒரு கோல் முன்னிலையில் லீவ்ஸ் ஆடுகிறது, மூன்றாவது பீரியட். எதிரணி நம் வலைப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. நம் ஆள் ஒருவர் மண்டியிட்டு ஷாட்டைக் காலில் வாங்குகிறார், நொண்டிக்கொண்டே எழுந்து அடுத்ததையும் வாங்குகிறார். ஒருவழியாக பக்கை வெளியே தள்ளுகிறார்கள். ஆள் மாற்றுவதற்குள் அது திரும்பி வந்துவிடுகிறது. அத்தான் கைதட்டினார். "பாரு மாப்ள, உடம்பைக் குறுக்கே போடறான். இதுதான் மனசு வச்சு ஆடறது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தான், தடுக்கிறது சரி. எதுக்கு இத்தனை தடவை தடுக்க வேண்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "நீ எந்த டீம்டா?"

உங்கள் கேள்விக்கான விடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு என்எச்எல் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஐந்தாறு கோல் அடிக்கும். அவ்வளவு குறைவான எண்ணிக்கையில் ஒரு பக் கம்பத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் முடிவையே மாற்றிவிடும். ஆனால் ஷாட் முயற்சிகளை எண்ணினால் ஒரே ஆட்டத்தில் நூறைத் தாண்டும். வலைக்குப் போனது, வெளியே போனது, வழியில் தடுக்கப்பட்டது என மூன்றையும் சேர்த்து எண்ணுவதுதான் கோர்சி. பஃபலோ அணியில் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சி, ஒரு கோலிக்கு எவ்வளவு வேலை விழுகிறது என்று பார்க்க எண்ணிய கணக்கு அது. பிறகு இணையத்தில் எழுதிக்கொண்டிருந்த ரசிகர்கள் அதை எடுத்து, பக் யார் கையில் அதிக நேரம் இருக்கிறது என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள். மொத்த முயற்சியில் உங்கள் பங்கு 50 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆட்டம் உங்கள் பக்கம். 2013-14 லீவ்ஸ் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் (கோலிகளைத் தவிர இரு பக்கமும் ஐந்து பேர் இருக்கும் நேரம்) 43ஐ ஒட்டி இருந்தது. அதாவது நூறு முயற்சி நடந்தால் ஏறக்குறைய 57 நம் வலையை நோக்கி.

இன்னும் எளிய கணக்கு வேண்டுமென்றால்: அந்த சீசனில் நம் கோலிகள் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.9 ஷாட்டைச் சந்தித்தார்கள், லீக்கிலேயே அதிகம். நாம் அடித்தது 28ஐக்கூடத் தொடவில்லை. இதோடு ஜெயித்துக்கொண்டிருந்தோம் என்றால் காரணம் எங்கள் கோலி ஜொனதன் பெர்னியே. வந்த ஷாட்டில் 92.3 சதவீதத்தைத் தடுத்தார்.

அடுத்து பார்க்க வேண்டியது பிடிஓ (PDO). பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் அணி அடித்த ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலானது, உங்கள் கோலி எத்தனை சதவீதம் தடுத்தார், இரண்டையும் கூட்டினால் பிடிஓ. லீக் முழுவதற்கும் கூட்டுத்தொகை எப்போதும் 100தான், ஏனென்றால் ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் விட்ட கோல். ஒரு முழு சீசனில் பெரும்பாலான அணிகள் 98க்கும் 102க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். ஷாட் பங்கு குறைவாகவும் பிடிஓ தூக்கலாகவும் இருந்தால், சம்பளம் குறைந்துகொண்டே போகும் வீட்டில் லாட்டரிப் பணத்தைக் காட்டி வசதியாக இருக்கிறோம் என்பதைப் போலத்தான்.

இதை அத்தானிடம் சொன்னேன். அப்புறம் நண்பர்களிடம் சொன்னேன். "ஸ்கேட் கட்டி ஒரு நாளாவது பனியில் நின்றிருக்கிறாயா?" என்று ஒருவர் கேட்டார். கட்டியிருக்கிறேன், விழுந்தும் இருக்கிறேன். அதற்கும் கூட்டல் கழித்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இன்னொருவர், "நாமதான் ஹிட்ஸ்ல முன்னாடி இருக்கோம்" என்றார். ஹிட்ஸ் என்றால் எதிரணி ஆளை உடம்பால் இடிப்பது. பக் கையில் இருப்பவனைத்தான் இடிக்க முடியும். நாள் முழுக்க இடிக்கிறோம் என்றால் நாள் முழுக்க பக் நம்மிடம் இல்லை என்று அர்த்தம். போதாததற்கு, ஹிட்ஸ் எண்ணுவது அந்தந்த அரங்கின் ஆட்கள். ஒரே மாதிரி மோதலை ஓர் ஊரில் எழுதுவார்கள், இன்னோர் ஊரில் விட்டுவிடுவார்கள்.

2014 மார்ச் 13, லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த ஊர் அணியான கிங்ஸை 3-2 என்று வென்றோம். 36 வெற்றி, 80 புள்ளி, பிளேஆஃப் இடம் கையில். "உன் கணக்குப் புத்தகத்தைப் பரணில் போடு மாப்ள" என்றார் அத்தான். அதற்குப் பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்வி. ஓவர்டைமுக்குக்கூடப் போகவில்லை, எல்லாம் அறுபது நிமிடத்துக்குள்ளேயே முடிந்தவை. கடைசிப் பதினான்கு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. 84 புள்ளியோடு சீசன் முடிந்தது, பிளேஆஃப் போனது.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? "நீ சொன்னது சரியாப் போச்சு" என்று ஒரு வார்த்தை? இல்லை. "உன் கரிநாக்கு பலிச்சிருச்சு." அக்காவும் சேர்ந்துகொண்டாள். நான் என்னமோ உள்ளூர ஆசைப்பட்டுச் சொன்ன மாதிரி. தோற்ற ஒவ்வொரு ராத்திரியும் அவர்களைப் போலத்தான் நானும் தூக்கம் வராமல் கிடந்தேன், இதையெல்லாம் யார் நம்புவார்கள்?

உடனே ஒருவர் வருவார்: "லாஸ் ஏஞ்சல்ஸ் ஆட்டத்தில் பெர்னியேவுக்கு அடிபட்டதே, அதை மறைக்கிறாயே?" மறைக்கவில்லை. அடிபட்டது உண்மை. ஆனால் அந்த எட்டுத் தோல்வி முடிவதற்குள்ளேயே அவர் திரும்பி வந்துவிட்டார், அணி தோற்பது நிற்கவில்லை. அதோடு, ஒரு கோலியின் தொடைத் தசை இழுத்துக்கொண்டால் ஒட்டுமொத்த சீசனும் கவிழும் என்றால், அதைத்தானே நான் டிசம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்?

லீவ்ஸை மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதே 2013-14இல் கொலராடோ 112 புள்ளி எடுத்தது. பயிற்சியாளர் பாட்ரிக் ருவாவுக்கு விருதும் கிடைத்தது. ஷாட் கணக்கில் அவர்களும் பின்தங்கித்தான் இருந்தார்கள். அடுத்த சீசனில் 90 புள்ளி, தங்கள் பிரிவிலேயே கடைசி. மறுபக்கம் 2011-12 லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ்: கோல் அடிப்பதில் லீக்கில் கடைசிக்கு முந்தின இடம், எட்டாவது அணியாகத் தொற்றிக்கொண்டு பிளேஆஃபுக்கு வந்தவர்கள். ஆனால் பக் அவர்களிடம் இருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி என்னை நோக்கி வரும் கற்களுக்கு முன்கூட்டியே குடை பிடித்துவிடுகிறேன். ஒன்று, நல்ல கோலி என்பது அதிர்ஷ்டம் இல்லை. 2014-15இல் மொன்றியலின் கேரி பிரைஸ் 93.3 சதவீதம் தடுத்து, அணியை 110 புள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனார், அது திறமை. அடுத்த சீசனில் முழங்கால் காயத்தால் 12 ஆட்டத்தோடு நின்றார், அணி 82 புள்ளியோடு வெளியே. அப்படிப்பட்ட கோலி இருந்தால் பிடிஓ வருடக்கணக்கில் உயரமாக நிற்கலாம், ஆனால் எல்லாம் ஒரு முழங்காலை நம்பித்தான். இன்னொன்று, முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், அப்போது எதிரணியின் ஷாட் தானாகக் கூடும். அதனால் ஸ்கோருக்கு ஏற்பச் சரிக்கட்டிய கணக்கைப் பாருங்கள். அத்தானும் இதைத்தான் சொன்னார், "லீட்ல இருக்கோம், அதான் அவன் அடிக்கிறான்" என்று. 2013-14 லீவ்ஸ் ஸ்கோர் சமமாக இருந்தபோதும் அடிதான் வாங்கியது.

அப்புறம் பிளேஆஃப். அங்கே என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். 2021இல் ஆஸ்டன் மாத்யூஸ் 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்தார்; மொன்றியலுக்கு எதிரான ஏழு ஆட்டத்தில் ஒன்று. 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றோம். ஏழு ஆட்டத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் உத்தரவாதம் தராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 ஏப்ரலில் ஒன்டாரியோவில் தனியார் ஆன்லைன் பந்தயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆட்டம் பார்ப்பதே தண்டனையாகிவிட்டது. இடைவேளையில் பந்தய விளம்பரம், வர்ணனைக்கு நடுவே பந்தய விகிதம், பலகையில் பந்தயக் கம்பெனி பெயர். நான் எண்களைப் பேச ஆரம்பித்தால் அக்கா பையன், "அப்போ இன்னிக்கு எந்தப் பக்கம் பணம் போடலாம் மாமா?" என்கிறான். வயதுக்கு வராத பிள்ளை. முன்பு இதே எண்களைச் சொன்னதற்குக் கரிநாக்குக்காரன் என்றார்கள், இப்போது சூதாடி. எது தேவலை என்று தெரியவில்லை.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். புள்ளிப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற லீக் இது. பாதி ஆட்டம் தோற்ற அணிகூட அங்கே கௌரவமாகத் தெரியும். முதலில் கோல் வித்தியாசம். 2013-14 லீவ்ஸ் 38 வெற்றி எடுத்தும் அடித்ததைவிட வாங்கிய கோல்தான் அதிகம். பிறகு நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளத்துக்குப் போய் ஐந்துக்கு ஐந்து மட்டும் தேர்ந்தெடுத்து, ஷாட் பங்கையும் எக்ஸ்பெக்டட் கோல் பங்கையும் பாருங்கள். எக்ஸ்பெக்டட் கோல் என்பது ஷாட் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எப்படிப் போனது என்று பார்த்து எடை போடுவது. தூரத்தில் இருக்கும் நீலக் கோட்டிலிருந்து அடித்ததும் வலை வாசலில் அடித்ததும் ஒன்றில்லை. தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும், அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். இருபத்தைந்து ஆட்டமாவது முடிந்த பிறகு பாருங்கள். பத்து ஆட்டத்தை வைத்து யாரும் எதையும் நிரூபித்துவிடலாம்.

இரண்டு பங்கும் 50க்கு மேல் இருந்து அணி தோற்றுக்கொண்டிருந்தால் பொறுமையாக இருங்கள். இரண்டும் 46, 47இல் இருந்து பிடிஓ 102ஐத் தாண்டி ஜெயித்துக்கொண்டிருந்தால், உங்கள் வயிறு கலக்குவதில் நியாயம் இருக்கிறது.

அணியின் பெயரைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்கிறேன். மொன்றியல் என்றால் மட்டும் வேறு யாரையாவது கேளுங்கள்.