விடியுமுன் ஒலிக்கும் கோயில் மணி: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்கி, இரண்டு வருடத்துக்கு முன் குடிவந்தோம். பின்வாசலைத் திறந்தால் கத்தோலிக்கக் கோயிலின் மணிக்கூண்டு. தினமும் காலை 4.45-க்கு மணி அடிக்கும். கையோடு கூண்டில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களில் பாட்டு, ஜெபமாலை, பிறகு 5.30 பூசை முழுவதும். கணவர் மருத்துவமனை ஊழியர். ஷிப்ட் முடிந்து வந்து படுக்கவே நள்ளிரவு தாண்டிவிடும். மாமியார் இருதய நோயாளி. உபதேசியாரிடம் சொல்லிப் பார்த்தேன். “கோயில் கட்டி நூறு வருசம் ஆவுது, தெரிஞ்சுதானே வீடு வாங்கினீங்க” என்றார். நாங்கள் இந்துக்கள். விஷயம் கேள்விப்பட்டு ஒரு அமைப்பைச் சேர்ந்த சிலர், “நாங்க பாத்துக்கிடுதோம்” என்று வீட்டுக்கு வருகிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. சண்டை இல்லாமல் தூங்க வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்ட ஒரு குடும்பம் மனு கொடுத்தால் அது ஒலி மாசு விவகாரம். அதில் ஒரு அமைப்பின் பெயர் ஏறிவிட்டால் போலீஸ் ஸ்பீக்கரை மறந்துவிட்டு பந்தோபஸ்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் உங்கள் மாவட்டத்து அதிகாரிகளுக்கு இன்றும் மறக்கவில்லை. உங்கள் மனு அவர்கள் மேஜையில் வெறும் சத்தப் புகாராகவே போய்ச் சேரவேண்டும்.

உங்களை எழுப்பும் சத்தம் இரண்டு வகை. மணி ஒன்று, குழாய் ஸ்பீக்கர் ஒன்று. சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஸ்பீக்கர் விஷயத்தில் உங்கள் கை மிக ஓங்கியிருக்கிறது. கயிறு இழுத்து அடிக்கும் மணியில் அவ்வளவு இல்லை. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் “மணி அடிக்கக் கூடாதென்கிறார்கள்” என்று ஊரே திரண்டுவிடும், ஜெயிக்கக்கூடிய பாதியும் கைவிட்டுப் போகும்.

ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியே கூடாது. அனுமதி இருந்தாலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. கவனியுங்கள், சட்டத்தின் கணக்கில் 4.45 இன்னும் இரவுதான். பண்டிகைகளுக்கு வருடத்தில் 15 நாள் வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் இரவு 10 முதல் 12 வரை மட்டுமே. விடியற்காலைக்குச் சலுகையே கிடையாது. மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்கள் கேட்பதற்கு மட்டும் வைக்கும் ஒலிபெருக்கிக்கு விலக்கு உண்டு. ஆகவே 5.30 பூசையைக் கோயிலுக்குள் பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்து நடத்தினால் நீங்கள் ஆட்சேபிக்க முடியாது, ஆட்சேபிக்கவும் வேண்டாம். கூண்டில் கட்டிய குழாய் வேறு கதை.

எத்தனை டெசிபல் என்று அளந்து காட்டவேண்டுமோ என்று பலர் கவலைப்படுகிறார்கள். குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று விதிகள் வகுத்திருப்பது உண்மைதான். ஆனால் 7-ஆம் விதியைப் படித்தால், இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் செய்யலாம், அளவு தாண்டியதாகத் தனியாகக் காட்டத் தேவையில்லை. போனில் இறக்கும் டெசிபல் செயலியை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள். வேண்டுமானால் நாலைந்து நாள் பின்வாசலில் நின்று, கடிகாரம் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

மத சுதந்திரம் என்ற கேள்வி வரும். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தரும் உரிமையே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. உங்கள் வழக்குக்கு மிக நெருக்கமான தீர்ப்பு சென்னையிலிருந்தே போனது. கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபை ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிடார் என்று ஆராதனை நடத்த, காலனி நலச் சங்கம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சத்தம் மாதவரம் நெடுஞ்சாலை வண்டிகளால்தான், சிறுபான்மையினர் என்பதால் எங்களைக் குறிவைக்கிறார்கள் என்று சபை உச்சநீதிமன்றம் வரை வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடவேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்றோ எந்த மதமும் விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். கோயில், பள்ளிவாசல், ஆடிமாதக் கூழ் ஊற்றும் பந்தல் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் மார்கழி அதிகாலையில் பாட்டுப் போடும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்!

இனி மணி. 2010-இல் விதிகளைத் திருத்தியபோது, இரவில் தடை செய்யப்பட்டவற்றில் ‘ஒலி எழுப்பும் எந்தக் கருவியும்’ என்பதையும் சேர்த்தார்கள். வெண்கல மணியும் அதில் அடங்கும் என்று வாதாடலாம். வாதாடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு நிமிடம் அடிக்கும் மணிக்காக இதை மட்டும் நம்பி நீதிமன்றம் போகச் சொல்லமாட்டேன். உரிமையியல் நீதிமன்றத்தில் தொல்லை என்று தடையுத்தரவு கேட்டால், எவ்வளவு நேரம், எந்த நேரம், எத்தனை தடவை, அந்த ஊரின் இயல்பு என்ன, சராசரி மனிதர் பொறுத்துக்கொள்ளக் கூடியதா என்று பார்ப்பார்கள். பிரிட்டனில் கிளாப்பம் பகுதியில் கத்தோலிக்கத் துறவிகள் இடைவிடாமல் அடித்த மணிக்கு எதிராக, பக்கத்து வீட்டுக்காரர் 1851-இலேயே தடையுத்தரவு வாங்கினார். அங்கும் கட்டுப்படுத்தியது அவருக்குத் தொல்லையாகும்படி அடிப்பதைத்தான். உங்கள் ஊரில் மணி அடித்தால் கடலுக்குப் போகிறவர் எழுந்திருப்பார், துக்க மணி கேட்டால் யார் வீடு என்று விசாரிப்பார்கள். அதை நிறுத்தச் சொல்வது சட்டப்படியும் கடினம், ஊருக்குள் வாழ்வதற்கும் கடினம். பதிவு செய்த மணியோசையை ஸ்பீக்கரில் விட்டால் மட்டும் அது ஒலிபெருக்கிதான், மணி என்று பெயர் சொல்லித் தப்பமுடியாது.

உபதேசியார் சொன்ன ‘தெரிஞ்சுதானே வாங்கினீங்க’ கேட்க நியாயமாகத் தோன்றும். தொல்லை இருக்கும் இடத்துக்குப் பின்னால் குடிவந்தார் என்பதற்காக ஒருவருக்கு வழக்குரிமை போய்விடாது. இது பழைய, நிலைத்த கோட்பாடு. போதாக்குறைக்கு நூறு வயது கோயிலுக்குத்தான், குழாய் ஸ்பீக்கருக்கு இல்லையே. அது எப்போது ஏறியது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். உபதேசியார் முடிவெடுப்பவர் இல்லை. பங்குத்தந்தையைப் பாருங்கள், ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் வேண்டாம், வார நாளில், பங்குப் பேரவையில் (கோயில் காரியங்களைப் பார்க்கும் ஊர்க்காரர்கள் குழு) உங்களைத் தெரிந்த ஒருவரோடு. மாமியாரின் மருத்துவச் சீட்டின் நகலும் கணவரின் ஷிப்ட் விவரமும் கையில் இருக்கட்டும். “ஃபாதர், மணி அடிங்க, ஆறு மணி வரைக்கும் வெளி ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம்” என்று ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் திருப்பலி செல்லாது என்று எந்த ஃபாதரும் சொல்லமாட்டார். பேரவையில் இரவு வேலை பார்க்கும் நர்சோ டிரைவரோ இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், திருவிழா நாட்களில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாக நீங்களே முதலில் சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும். சம்மதித்தால் எழுத்தில் கேட்டுப் படுத்தவேண்டாம். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால் புதியவரிடம் மறுபடி போய்ச் சொல்லவேண்டியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பேச்சு பலிக்கவில்லை என்றால் அதே கோரிக்கையைப் பதிவுத் தபாலில் பங்குத்தந்தைக்கு அனுப்பி, நகலை ஆயர் இல்லத்துக்கும் அனுப்புங்கள். பிறகுதான் போலீஸ். இந்த விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவேண்டியவர் ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி. ஆகவே ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வாங்குங்கள், கூடவே டி.எஸ்.பி.க்கும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் ஒரு பிரதி. ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களா, எந்த நேரத்துக்கு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். மனுவில் நேரம், தேதி, தூரம், வீட்டில் நோயாளி, இவை போதும். எந்த மதம், யார் ஆட்கள் என்ற வரி ஒன்றுகூட வேண்டாம்.

பெயர் வெளியே போகுமோ என்ற பயம் நியாயமானது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் பற்றிய ஒரு வழக்கில், புகார் கொடுப்பவரின் அடையாளத்தைக் கேட்காமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. தமிழ்நாட்டு போலீஸை அது கட்டுப்படுத்தாது என்றாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம். சின்ன ஊரில் அடையாளத்தை மறைப்பது எவ்வளவு சாத்தியம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் முதலில் நேரில் போய்ப் பேசச் சொல்கிறேன்.

தண்டனை பற்றியும் கேட்பார்கள். விதிகளை மீறினால் முன்பு சிறை வரை போகலாம். 2024 ஏப்ரல் முதல் அதை 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையான தண்டத்தொகையாக மாற்றிவிட்டார்கள். ஃபாதரைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று யாராவது கிளப்பினால் இதைச் சொல்லலாம்.

மனுக்கள் எல்லாம் கிடப்பில் கிடந்தால், உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க உத்தரவிடுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். அங்கே முதல் கேள்வி, யாரிடம் எப்போது மனு கொடுத்தீர்கள், ஒப்புகை எங்கே என்பதுதான். தபால் ரசீது, ஒப்புகை அட்டை, சி.எஸ்.ஆர். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.