இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்வது? காங்கேயத்து மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். கோவையில் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பம்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அடுத்து ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, அங்கேயே அரசு மருத்துவமனை, எங்கள் ஊரில் ஒரு சின்ன லேப் என்று மூன்று வழி இருக்கிறது. தனியாரில் ஸ்டைபெண்ட் கிடையாது, ஹாஸ்டல் செலவு வேறு. ஊர் லேப்பில் மாதம் 6,000 தருகிறோம் என்கிறார்கள், அப்பா அதையே எடுக்கச் சொல்கிறார். சீனியர்களோ பெரிய ஆஸ்பத்திரி பெயர் சர்டிஃபிகேட்டில் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்:

அப்பாவிடமும் சீனியர்களிடமும் பேசுவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள் அம்மிணி. இந்த ஒரு வருடம் உங்கள் பட்டப்படிப்பின் ஒரு பகுதி. எந்த இடத்தில் செய்தால் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், பாதியில் இடம் மாறலாமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க உழைத்துவிட்டு, 'அந்த லேப் செல்லாது' என்று கடைசியில் கேட்டுக் கண்ணீர் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் லேப் விஷயம் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, பெரிய பெயர். லேப்பில் ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பல வருடங்களாக உட்கார்கிறேன், அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்: சர்டிஃபிகேட்டில் இருக்கும் பெயர் உங்களை நாற்காலி வரைக்கும்தான் கொண்டுவரும். உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 'காய்ச்சல் எதுவும் இல்லாத ஒருவர், செக்கப்புக்கு வந்தவர், மெஷினில் பிளேட்லெட் மிகக் குறைவாக 28,000 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?' பெரிய இடத்தில் இன்டர்ன்ஷிப் முடித்த ஒரு பையன், 'உடனே டாக்டருக்கு போன் பண்ணுவேன் மேடம்' என்றான். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அவ்வளவாகப் பெயர் தெரியாத ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெண், 'முதலில் டியூப்பில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து ஸ்மியர் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஓரத்தில் பிளேட்லெட் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறதா என்று தேடுவேன், கிடந்தால் சிட்ரேட் டியூப்பில் மறுபடி எடுப்பேன்' என்றாள். வழக்கமான டியூப்பில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கும், சிட்ரேட்டும் அதே வேலைக்குத்தான். சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டால் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. சிட்ரேட்டில் வரும் எண்ணிக்கையை, அதிலுள்ள திரவத்துக்காக 1.1-ஆல் பெருக்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். அவளைத்தான் எடுத்தோம்.

அந்தப் பையனுக்கு அறிவு குறைவில்லை. அவன் போன இடத்தில் ஐந்து மாதம் சாம்பிள் வாங்கும் கவுன்டரில் பார்கோடு ஒட்ட வைத்திருக்கிறார்கள். எல்லாம் தானாக ஓடும் லேப்பில் இன்டர்ன் கைக்கு வேலையே வராமல் போகலாம், யாராவது பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் சேரும் முன்பே லேப் இன்சார்ஜைப் பார்த்து, போஸ்டிங் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும் இடம், ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஹிஸ்டோபேத்தாலஜி, ரத்த மையம், ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம், நைட் டூட்டி உண்டா, யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேளுங்கள். 'வாங்க, பார்த்துக்கலாம்' என்று மட்டும் சொன்னால் அங்கே திட்டம் இல்லை என்று அர்த்தம். ரத்த மையத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே டெக்னீஷியனாகச் சேர, எம்.எல்.டி. பட்டத்தோடு ரத்தப் பரிசோதனையில் ஆறு மாத அனுபவமும் வேண்டும் என்பது மருந்து விதிகளிலேயே இருக்கிறது. அதனால் அங்கே செய்த நாட்களுக்குத் தனியாகச் சான்று வாங்கி வையுங்கள்.

இப்போது நான்காவது வழியைச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியதே இதுதான். ஏன் கோவையை மட்டும் பார்க்கிறீர்கள்? 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. இந்தப் பக்கம் பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டுமே காங்கேயத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கல்லூரி அனுமதித்தால் ஹாஸ்டல் செலவும் மிச்சம், அப்பாவுக்கும் நிம்மதி. 6,000 ரூபாய் சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன், வருடத்துக்கு 72,000, ஒரு வீட்டுக்கு அது பெரிய பணம். ஆனால் அந்தப் பணத்துக்கு நீங்கள் அங்கே செய்யப்போவது ஒரு டெக்னீஷியனின் முழு வேலை. உங்களைத் திருத்த மேலே ஒரு ஆள் இருக்கிறாரா என்று அப்பாவையே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டாகப் பிரிக்க முடிந்தால் முதல் ஆறு மாதம் அரசு மருத்துவமனை, அடுத்த ஆறு மாதம் என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் லேப். பிரிக்க முடியாது என்றால், போஸ்டிங் ஒழுங்காக நடக்கும் அரசு மருத்துவமனையே போதும். காலையில் அங்கே நிற்கும் வரிசையில் கயிறு மாதிரி உருளும் நரம்போடு தோட்டத்துப் பெரியவர் இருப்பார், அழுகிற குழந்தை இருக்கும், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்ட கையை நீட்டுபவரும் இருப்பார் (அந்தக் கையில் எடுக்கவே கூடாது). 'அம்மிணி, மெல்லக் குத்துங்க' என்று சொல்லிக்கொண்டே கை நீட்டுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசி, ஒரே குத்தில் எடுக்கப் பழகிவிட்டீர்கள் என்றால் அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. தனியார் லேப்பில் கற்க வேண்டியது வேறு. காலையில் சாம்பிள் ஓட்டும் முன்பு கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டுவது, அதை லெவி-ஜென்னிங்ஸ் சார்ட் என்ற தினசரி வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது, ஒரே பக்கமாக அடுத்தடுத்து இரண்டு புள்ளி சராசரியிலிருந்து 2 எஸ்.டி. (திட்ட விலக்கம்) தாண்டிவிட்டால் ரிப்போர்ட்டை நிறுத்திக் காரணம் தேடுவது, செய்ததை எல்லாம் எழுதி வைப்பது. மருத்துவ லேப்களுக்கான தரச் சான்று, ஐ.எஸ்.ஓ. 15189 என்று சுவரில் மாட்டியிருப்பதற்குப் பின்னால் தினமும் நடக்கிற வேலை இது.

என்னுடைய இன்டர்ன்ஷிப்பில் நடந்த ஒன்று. சிவப்பு மூடி டியூப்பில் ரத்தம் குறைந்துவிட்டது, ஊதா மூடியில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அதிலிருந்து இதில் ஊற்றிச் சமன் செய்தேன், நல்ல யோசனை என்றே நினைத்தேன். பொட்டாசியம் 9.6 வந்தது. வார்டில் டாக்டர் பதறி ஈ.சி.ஜி. எடுத்தார், ஈ.சி.ஜி. நார்மல். எங்கள் சீனியர் அண்ணா திட்டவில்லை, ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துக் கால்சியம் வரியில் விரலை வைத்தார். 5.1. 'பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே, ஏன்?' ஊதா டியூப்பில் இருப்பது பொட்டாசியம் இ.டி.டி.ஏ. அதிலிருந்து பொட்டாசியம் வந்து சேர்கிறது, கால்சியத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆளை மறுபடி குத்தி எடுத்தோம், பொட்டாசியம் 4.2. அந்த எண்ணை நம்பி யாராவது மருந்து ஏற்றியிருந்தால் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ரத்தம் எடுக்கும்போது சிட்ரேட், அப்புறம் சிவப்பு, அப்புறம் ஹெப்பாரின், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல் மூடி என்ற வரிசை எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்று அப்படிக் கேள்வி கேட்கிற ஒருவர் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

தினமும் ஒரு நோட்டு எழுதுங்கள். கல்லூரி கேட்கிற லாக் புக் வேறு, இது உங்களுக்கு. இன்று எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தேன், எது தவறிப்போனது, எந்த ஸ்மியரில் என்ன பார்த்தேன் என்று நான்கு வரி போதும், நோயாளி பெயர் மட்டும் வேண்டாம். நேர்காணலில் 'என்ன தெரியும்' என்று கேட்டால் சொல்வதற்கு அதில் இருக்கும். அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பில் கேட்கும் படிப்பின் பெயரும் பதிவும் உங்களிடம் இருப்பதோடு சரியாகப் பொருந்துகிறதா என்று இப்போதே பழைய அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இது எல்லாவற்றையும் விட அவசரம். ஹெப்படைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் இந்த வாரமே முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊசியை மறுபடி மூடாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அந்த நிமிடமே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. திட்டுவார்களோ என்று பயந்து ஒரு பிள்ளை இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தாள். அந்த இரண்டு நாளை அவளுக்கு எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நீங்கள் சேரப்போகும் இடத்தில் நைட் டூட்டியில் ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு, அந்த எண்ணை போனில் போட்டு வையுங்கள்.