பட்டறைப் பதில்கள்: டர்பன்டைன்

செங்கோட்டையில் மரப் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் மூத்த மேஸ்திரி, இந்த இதழில், பெயின்ட்டையும் பாலிஷையும் இளக்கவும் பிரஷ் கழுவவும் பயன்படும் டர்பன்டைன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர். மிச்சமாகும் டர்பன்டைனைக் கலர் பாட்டிலில் ஊற்றி, அடுப்படி மேடைக்குக் கீழே சிலிண்டர் பக்கத்தில் வைக்கிறார். கேட்டால், "மூடிதானே வச்சிருக்கேன்" என்கிறார். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. (வாசகி, புளியரை)

பதில்: நீங்கள் பயப்படுவதுதான் சரி, தாயி. இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். டர்பன்டைனில் தீப்பிடிப்பது பாட்டிலில் கிடக்கிற திரவம் இல்லை, அதிலிருந்து கிளம்புகிற ஆவி. காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் கனமான ஆவி அது. மேலே ஏறிக் கலைந்து போகாது. தரையோடு படர்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். அறைக் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்; 0.8 பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அடுப்பு எரிந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். சுவிட்சைத் தட்டும்போதும், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் பொறி வரும். சாமி விளக்கைச் சொல்லவே வேண்டாம். பாட்டில் சாய்ந்து கொட்டி, வாடை தூக்கினால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். லைட் எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். அடுப்பு எரிந்தால் அதை மட்டும் நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

நம் பக்கம் சாரல் காலத்தில் இது இன்னும் மோசம். ஆனி, ஆடியில் மழை உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஆவி எங்கே போகும்? சாரல் விடும்வரை எண்ணெய்ப் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் எனக்குப் பிள்ளையைப் பற்றித்தான். கலர் பாட்டிலைக் கண்டால் எந்தப் பிள்ளையும் வாயில் வைக்கும். 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி, குழந்தையின் உயிரையே எடுத்திருக்கிறது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். திரும்ப மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கிவிடும். பிள்ளை தெளிவாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துப் பார்க்கவும் கூடாது. இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

டர்பன்டைன் கடையில் வாங்கிய தகர டப்பாவிலேயே, பெயரெழுதிய தாளோடு, வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட இடத்தில் இருக்கட்டும். சில்லறையாகப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற கடையில் நான் வாங்குவதே இல்லை.

கேள்வி: தேக்குக் கதவுக்கு லின்சீட் ஆயிலும் (ஆளி விதை எண்ணெய்) டர்பன்டைனும் கலந்து தேய்த்தோம். துடைத்த துணிகளை மூலையில் குவித்துவிட்டுப் போனோம். விடியற்காலை குவியலிலிருந்து புகை வந்தது. பீடி பிடிக்கிறவர் யாரும் அங்கே இல்லை. யாரோ செய்த வேலையா? (வாசகர், ஆரியங்காவு)

பதில்: யாரையும் சந்தேகப்படாதீர்கள் தம்பி. துணி தானாகவே சூடாகியிருக்கிறது. லின்சீட் ஆயில் காய்வது என்றால் தண்ணீர் உலர்வதைப் போல என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது சூடு வெளியே வரும். கதவில் மெல்லிசாகப் பூசியிருக்கும்போது அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துணியில் நூலுக்கு நூல் எண்ணெய் ஏறியிருக்கிறது. காற்று உள்ளே நுழைய இடமும் உண்டு. குவித்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. ஈரத்தோடு அடைந்த வைக்கோல் போர் உள்ளே கொதிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக இறுகும், அது மேலும் சூட்டைக் கிளப்பும். கடைசியில் துணி கருகிப் பற்றிக்கொள்ளும். டர்பன்டைன் தனியாக நனைந்த துணி பெரும்பாலும் ஆவியாகிக் காய்ந்துவிடும். இங்கே சூட்டைக் கிளப்புவது லின்சீட். பக்கத்தில் டர்பன்டைன் இருந்தால் அந்த நெருப்பு பட்டறை முழுக்கப் பரவ அது போதும். மரத்தூள் குவியலில் இந்தத் துணியைப் போடுகிற ஆசாரிகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

வேலை முடிந்ததும், டீ குடிக்கப் போவதற்கு முன்பே, துணிகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள். காய்ந்து அட்டை போல விறைத்த பிறகு குப்பையில் போடலாம். மழையென்றால் தகர டின்னில் தண்ணீர் நிரப்பி, துணியை முழுக்க முக்கி, மூடி போட்டு வெளியே வையுங்கள். சாக்கிலோ பிளாஸ்டிக் பையிலோ கட்டிவைக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்த பஞ்சும் வேஸ்ட் நூலும் இதே கணக்குத்தான்.

கேள்வி: நான் செங்கோட்டைக்காரன், இப்போது புனலூரில் வேலை. அதே டர்பன்டைன் இங்கே அதிகமாக வாடை அடிக்கிறது, தலை சுற்றுகிறது. சரக்கு மோசமா? (வாசகர், புனலூர்)

பதில்: சரக்கு அதேதான், வெயில்தான் வேறு. கேரளத்திலேயே கடும் வெயில் அடிக்கும் ஊர்களில் புனலூரும் ஒன்று. மார்ச், ஏப்ரலில் 37, 38 டிகிரி போவது அங்கே சாதாரணம். டர்பன்டைன் ஏறக்குறைய 35 டிகிரியைத் தொட்டதும், மேலே நிற்கும் ஆவி தீப்பொறி பட்டால் பற்றுகிற அளவுக்கு வந்துவிடும். சாரலில் 25 டிகிரி இருக்கும்போது திறந்த டப்பா கொஞ்சம் பொறுக்கும். புனலூர் மதியத்தில் பொறுக்காது. குளிர்ந்த நாளிலும் துணியில் நனைந்ததும் ஸ்பிரேயரில் தூவியதும் எளிதாகப் பற்றும், அதனால் குளிர் என்று அசந்துவிடாதீர்கள். காலையிலேயே வேலையை முடியுங்கள். தலை சுற்றினால் உடனே வெளியே வந்து காற்று வாங்குங்கள். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. நீங்கள் கையாள்வது என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை இளக்கும் திரவம்) என்றால் இந்த 35 கணக்கே செல்லாது. அது எந்தப் பருவத்திலும் பற்றும்.

கேள்வி: டர்பன்டைன் பற்றினால் தண்ணீர் ஊற்றலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: கூடாது. அது தண்ணீரைவிட லேசு, மிதந்து எரிந்தபடியே ஓடும். டப்பாவுக்குள் எரிந்தால் மூடியைத் தள்ளி மூடுங்கள். கீழே கொட்டி எரிந்தால் மணல், அல்லது டி.சி.பி. (உலர் ரசாயனத் தூள்) தீயணைப்பான். இடுப்பு உயரத்துக்கு எழுந்துவிட்டால் விட்டுவிட்டு வெளியேறி, 101-இல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கையில் ஒட்டிய எனாமலை டர்பன்டைன் வைத்துத்தான் கழுவுகிறேன். விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்பும். (வாசகர், குற்றாலம்)

பதில்: தோலின் எண்ணெயை அது உருவி எடுத்துவிடுகிறது. பைன் மரத்துப் பாலிலிருந்து காய்ச்சி எடுக்கும் அசல் டர்பன்டைன் பழசாகிக் காற்றுப் பட்டிருந்தால் அலர்ஜியும் வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே அரிக்கும். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் டர்பன்டைன். அதுவும் தோலை வறட்டும். கையுறை போடுங்கள். ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிரஷ் கழுவிய டர்பன்டைனை ஓடையில் கொட்டாதீர்கள். மூடிவைத்தால் பெயின்ட் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறையும் பிரஷ் கழுவலாம்.